தறிக்கூடத்தில் ஒரு கண்ணாடிச் சூளை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டிப் பதக்கங்களும் சிறு தட்டுகளும் செய்வதற்காக, மேசைமேல் வைக்கத்தக்க ஒரு மின்சூளையைச் சென்ற கார்த்திகையில் வாங்கினேன். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பழைய தறிக்கூடத்தில் அதை நிறுவி, இதுவரை 61 முறை சூடேற்றியிருக்கிறேன். சூளை தன் வேலையை நன்றாகச் செய்கிறது. ஆனால் விற்றவர் சொன்னதுபோல, பெட்டியைப் பிரித்துப் பிளக்கைச் செருகிவிட்டு உடனே வேலையைத் தொடங்கக்கூடிய பொருளாக அது வந்து சேரவில்லை. அதை வீட்டுக்குள் அச்சமின்றி இயக்க நான் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்புரை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பொருளைப் பற்றி. உள்ளறை 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 18 செ.மீ. உயரம். முன்பக்கம் திறக்கும் கதவு. உட்சுவர் முழுவதும் வெள்ளை நிறச் செராமிக் ஃபைபர் பலகை. மூன்று பக்கங்களில் காந்தல் (Kanthal) எனப்படும் சூடேற்றும் கம்பியின் சுருள்கள். மின்திறன் 2.2 கிலோவாட். அதிகபட்ச வெப்பம் 950 டிகிரி செல்சியஸ் என்று பலகையில் எழுதியிருக்கிறது. வெப்பத்தை அளக்க கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்றும், எந்த வேகத்தில் ஏற வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எட்டுப் படிகளாக எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய கன்ட்ரோலர் ஒன்றும் உள்ளன. வெளியுடல் பளபளக்கும் எவர்சில்வர். விலை, அனுப்புகூலி உட்பட 62,000 ரூபாய். செய்து விற்றது வெளியூரில் உள்ள ஒரு சிறிய பட்டறை.

வாங்குவதற்கு முன் பலரும் எனக்குச் சொன்ன யோசனை, செங்கல் வாங்கி நானே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான். நம் ஊரின் வெள்ளைக்கல் மலையிலிருந்து எடுக்கும் மாக்னசைட்டில் உலைச் செங்கல் செய்கிறார்களே, அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்குமே என்பது அவர்கள் கேள்வி. அந்தச் செங்கல் உருக்காலைகளின் உலைகளுக்கு உள்பூச்சாக அமைவது, கனமானது, வெப்பத்தைத் தாங்குமே தவிரத் தடுத்து நிறுத்தாது. வீட்டுச் சூளைக்கு வேண்டியது காற்றுத்துளைகள் நிறைந்த, கையில் எடுத்தால் பஞ்சுபோலக் கனமற்றிருக்கும் காப்புச் செங்கல் அல்லது செராமிக் ஃபைபர். மாக்னசைட் செங்கலால் கட்டியிருந்தால் உள்ளே 800 டிகிரி வருவதற்குள் வெளிச்சுவரும் தொட முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும்.

இனி இடம். தறிக்கூடம் என்றதும் அது காலியான, காற்றோட்டமான அறைதானே என்று நானும் நினைத்தேன். அப்பா நெய்வதை நிறுத்திப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும், உத்தரத்தின் மேலும் ஓட்டுச் சரங்களின் இடுக்குகளிலும் பஞ்சுத்தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நூல் ஓடிய கூடங்களில் படியும் இந்தத் தூசி ஒரு பொறி பட்டால் திரிபோலப் பற்றிக்கொண்டு நெருப்பைக் கூரை முழுவதும் கொண்டு செல்லும். ஆகவே சூளை வருவதற்கு முன்பே இரண்டு நாட்கள் செலவிட்டு, முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியாலும் உறிஞ்சும் கருவியாலும் தூசி முழுவதையும் எடுத்தோம். குழித்தறி இருந்த பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பிச் சிமென்ட் தளம் போட்டோம். பழைய பாவு நூல், அட்டைப்பெட்டிகள், மண்ணெண்ணெய் டின் ஆகிய எல்லாம் வேறு அறைக்குப் போயின. சேலத்தில் இப்படித் தறிக்கூடங்களைக் கைவினைப் பட்டறையாக மாற்றிக்கொள்பவர்கள் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சூளையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

சூளையை மரமேசையில் வைக்கலாமா என்று விற்றவரிடம் கேட்டதற்கு, அடியில் ரப்பர்க் கால்கள் இருப்பதால் வைக்கலாம் என்றார்கள். நான் வைக்கவில்லை. ஆங்கிள் இரும்பில் ஒரு தாங்கி செய்யச் சொல்லி, அதன்மேல் கடப்பைக்கல் பலகை போட்டு, ரப்பர்க் கால்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கால்கள் பொருத்தினேன். கல்லுக்கும் சூளையின் அடிப்பகுதிக்கும் இடையில் நான்கு விரற்கடை காற்று இருக்கிறது. பின்சுவரிலிருந்தும் பக்கச்சுவரிலிருந்தும் 45 செ.மீ. தள்ளி நிறுத்தியிருக்கிறேன். சுவர் செங்கல்லாகவே இருந்தாலும், அதன்மேல் ஓடும் பழைய மின்கம்பிக் குழாய்கள் பிளாஸ்டிக் ஆனதால், சூளைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் போர்டைச் சுவரிலிருந்து ஓரங்குலம் விலக்கி நிறுத்தினோம்.

வெளியுடலின் சூட்டை அளந்தபோது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியை எவர்சில்வர்த் தகட்டின்மேல் நேராகக் காட்டியபோது 45 டிகிரி என்று காட்டியது, மகிழ்ந்தேன். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக வெளியிடும் என்பதால் அந்தக் கருவி அங்கே பொய்யளவு காட்டும். வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணத்தை உள்ளங்கையளவு பூசி, அந்தத் திட்டின்மேல் அளந்தபோது மேற்பலகை 94 டிகிரி என்றும், பக்கங்கள் 70-ஐ ஒட்டியும் இருந்தன. உள்ளே 800 டிகிரி ஒரு மணி நேரம் நின்ற பிறகு எடுத்த அளவு இது. மேற்பலகையின்மேல் எதையும் வைக்கக்கூடாது என்பது இதனால் தெளிவாகும். எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சூடான இடம் கண்டால் ஈரத்துணி உலர்த்தத் தோன்றும். அவரிடம் இந்த எண்ணைச் சொல்லியே விளக்கினேன்.

மின்சாரப் பகுதியில்தான் இந்தப் பொருளின்மேல் எனக்கு உண்மையான குறை உண்டு. 2.2 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9.6 ஆம்பியர். மின்சார அடுப்புகூட இவ்வளவு எடுக்கலாம். ஆனால் அது அரைமணி நேரத்தில் அணைந்துவிடும். சூளை மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது முறை சூடேற்றியபோதே, உடன் வந்த மூன்று முனைப் பிளக் கைவைக்க முடியாதபடி சுட்டது. தெருவில் வயரிங் வேலை செய்யும் தம்பியை அழைத்தேன். அவர் மீட்டர்ப் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, சூளைக்கென்றே 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் பொருத்தி, தொழிற்கூடங்களில் பயன்படும் நீலநிற இண்டஸ்ட்ரியல் பிளக்கை மாட்டினார். அந்த எம்.சி.பி. சூளைக்குப் பக்கத்தில் இல்லாமல் அறை வாசலில் இருக்கிறது. உள்ளே ஏதாவது ஆனால் நெருங்காமலேயே அணைக்கலாம்.

அவர் போகும் முன் மல்டிமீட்டரை எடுத்துப் பிளக்கின் எர்த் முனைக்கும் சூளையின் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், எர்த் கம்பியின் முனையைச் சட்டத்தில் பூசியிருந்த பெயின்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. "எர்த் பின் இருக்குதுன்னா எர்த் இருக்குதுன்னு அர்த்தம் இல்லீங்கக்கா" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பெயின்டைச் சுரண்டி, பற்கள் உள்ள வாஷர் போட்டு மீண்டும் முறுக்கிய பிறகே தொடர்பு கிடைத்தது. அதோடு, எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 18 வோல்ட் காட்டியது. பழைய எர்த் குழியில் ஈரமே இல்லை. கரியும் உப்பும் இட்டுப் புதுக்குழி தோண்டிக் குழாய் இறக்கினோம். சேலத்துக் கல்மண்ணில் கோடையில் எர்த் குழி வறண்டுபோகும்; வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்கியிருக்கிறேன். இந்தச் சூளையை வாங்குபவர் முதல் முறை சுவிட்ச் போடுவதற்கு முன் இந்த ஒரு சோதனையையாவது கட்டாயம் செய்ய வேண்டும். அலுவல்முறையாக விற்பனை செய்ய நினைப்பவர்கள், வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் கட்டண வகையையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது முறை.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது. கன்ட்ரோலர் தரும் கட்டளைப்படி சுருளுக்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் எஸ்.எஸ்.ஆர். எனப்படும், அசையும் பாகங்கள் அற்ற ஒரு ரிலே. இது சத்தமின்றி வேலை செய்யும், நெடுநாள் உழைக்கும். ஆனால் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் நிற்காமல், மின்சாரத்தை விடும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது கன்ட்ரோலர் போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் சூளை சூடேறிக்கொண்டேதான் இருக்கும். சித்திரை மாதம், அறையே 39 டிகிரியில் இருந்த ஒரு முற்பகலில் இதுதான் நடந்தது. 790-இல் நிற்க வேண்டிய சூளை 800, 820 என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 870-ஐத் தொட்டபோது வாசலில் இருந்த எம்.சி.பி.யை அணைத்தேன். அறையில் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போயிருந்தால், கண்ணாடி தட்டிலிருந்து வழிந்து ஃபைபர்த் தரையைத் தின்று அடிச்சுருளைத் தொட்டிருக்கும்.

பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ரிலேக்கு அடியில் இருந்த அலுமினியத் தகடு உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அதை வைத்திருந்த பெட்டியோ சூளையின் பக்கவாட்டோடு ஒட்டியது. காற்று போகும் துளைகளில், நாங்கள் எவ்வளவு துடைத்தும் எங்கிருந்தோ வந்த பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. ரிலே தன் வெப்பத்தைத் தள்ள இடமின்றி எரிந்திருக்கிறது. விற்றவர்களிடம் தொலைபேசியில் சொன்னதும் புதிய ரிலேயைக் காசின்றி அனுப்பினார்கள். அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதே அளவு தகட்டோடுதான் அனுப்பினார்கள். பேனல் போர்டு கட்டும் ஒருவரிடம் கொடுத்து, 40 ஆம்பியர் ரிலேயும் மூன்று மடங்கு பெரிய தகடும் வைத்து, பெட்டியைச் சூளையிலிருந்து பிரித்துச் சுவரில் மாட்டச் செய்தேன்.

அதோடு மூன்று ஏற்பாடுகளையும் சேர்த்தோம். முதலாவது, ரிலேக்கு முன்னால் ஒரு கான்டாக்டர், அதாவது சூளைக்குப் போகும் மின்சாரம் முழுவதையும் இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் மின்காந்தச் சுவிட்ச்; அதை இயக்குவது தனித் தெர்மோகப்பிளோடு கூடிய இரண்டாவது வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. அதில் 860 என்று நிலையாக வைத்திருக்கிறேன்; முதன்மைக் கன்ட்ரோலர் என்ன சொன்னாலும், அந்த எண்ணைக் கடந்தால் கான்டாக்டர் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இரண்டாவது, கதவைத் திறந்தால் கான்டாக்டரை விடுவிக்கும் சுவிட்ச். ரிலே ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும் என்பதையும், அணைந்த நிலையிலும் அதன் வழியே சிறிது மின்சாரம் கசியும் என்பதையும் பலர் அறிவதில்லை. பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ரிலே அணைந்திருக்கும்போதும் சுருளில் 230 வோல்ட் இருக்கும். இரும்புக் குறடோடு உள்ளே கைநீட்டுபவருக்கு அது உயிராபத்து. கான்டாக்டர் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கிறது. மூன்றாவது, பச்சை பொத்தானை அழுத்தினால் மட்டுமே கான்டாக்டர் பிடிக்கும் அமைப்பு. மின்சாரம் போய் வந்தால் தானாகப் பிடிக்காது.

இந்த மூன்றாவதன் தேவையை நான் ஒரு தட்டை இழந்து கற்றேன். இந்தக் கன்ட்ரோலர், மின்தடைக்குப் பின் தான் விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்கும்படி அமைக்கப்பட்டு வந்திருந்தது. ஒருநாள் கண்ணாடி உருகி முடித்து ஆறும் கட்டத்தில் இருபது நிமிடம் மின்சாரம் போயிற்று. வந்ததும் சூளை, முடிந்த வேலையை மறுபடி 800-க்குக் கொண்டுபோயிற்று. நான் அடுத்த வீட்டில் இருந்தேன். மின்தடைக்குப் பின் நிற்க வேண்டுமா, தொடர வேண்டுமா, தொடங்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி அதே கன்ட்ரோலரின் உள்ளமைப்பில் இருக்கிறது; விற்றவர் தந்த இரண்டு பக்கக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் ஊரில் விற்கும் பொருளுக்கு இது சிறு விடுதல் ஆகாது. இப்போது செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பைப் பார்த்த பிறகே நாள் குறிக்கிறேன்.

தானாகத் தொடராத அமைப்பினால் ஓர் இழப்பும் உண்டு. ஃபைபர்ச் சூளை கனமற்றது என்பதால் சீக்கிரம் சூடேறுகிறது, அதே காரணத்தால் சீக்கிரம் ஆறியும் விடுகிறது. ஆறவைக்கும் கட்டத்தில் மின்சாரம் போய் நான் அருகில் இல்லையென்றால் அந்தக் கண்ணாடியில் உள்ளழுத்தம் தங்கிவிடும். பின்னொரு நாள் மேசையிலிருக்கும்போதே வெடிக்கலாம். செங்கல் சூளையாக இருந்தால் அது தன்னிடம் உள்ள வெப்பத்தைக் கொண்டே ஓரளவு மெல்ல ஆறும். இருந்தும், ஆளில்லாத அறையில் சூளை தானாக எரியத் தொடங்குவதைவிட ஒரு தட்டு போவது மேல் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மின்னழுத்தம் பற்றி ஒரு சொல். எங்கள் தெருவில் விசைத்தறிகள் மிகுதி. மாலையில் 205 வோல்ட் வரை இறங்கும். சுருளின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230-இல் 2.2 கிலோவாட்டாக இருப்பது 205-இல் 1.75 கிலோவாட்டாகச் சுருங்கிவிடுகிறது. அப்போது சூளை கன்ட்ரோலர் எதிர்பார்க்கும் வேகத்தில் ஏற முடியாமல் பின்தங்கும். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறேன். ஜன்னல் கண்ணாடி இரண்டு அடுக்கு, மொத்தம் 6 மில்லிமீட்டர் என்றால், மணிக்கு 150 டிகிரி வீதம் 540 வரை. பின்பு 670-இல் அரைமணி நிறுத்தி, இடையில் சிக்கிய காற்று வெளியேற விடுவது. அதன்பின் விரைந்து 820 வரை. அங்கே பத்து நிமிடம். உடனே 550-க்கு இறக்கி ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 80 டிகிரி வீதம் 400 வரை மெல்ல ஆறவிட்டு அணைப்பது. உச்சவெப்பம் முற்பகல் பதினொன்றுக்குள் முடிந்துவிடும். அந்த நேரம் முழுவதும் நான் அறையில்தான் இருப்பேன். உள்வெப்பம் 60-க்குக் கீழ் வரும்வரை கதவைத் திறப்பதில்லை. ஒரு முறைக்கு ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரம் ஆகிறது.

இந்த அளவுகள் ஜன்னல் கண்ணாடிக்கு மட்டுமே. கலைக்கண்ணாடியாக விற்கப்படும், விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் குறிக்கும் எண்) 90 கொண்ட வண்ணக்கண்ணாடியை 482 டிகிரியில் நிறுத்தி ஆறவைக்க வேண்டும். அது உருகுவதும் இதைவிடக் குறைந்த வெப்பத்தில். வேறுவேறு விரிவெண் உள்ள கண்ணாடிகளைச் சேர்த்து உருக்கினால், எவ்வளவு பொறுமையாக ஆறவைத்தாலும் விரிசல் விடும். உள்ளழுத்தம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே பார்க்கிறேன். அழுத்தம் உள்ள இடம் ஒளிக்கீற்றாகத் தெரியும்.

வெப்பம் உள்ளறையில் சீராகப் பரவுகிறதா என்றால், பெரும்பாலும் ஆம். கதவோரம் மட்டும் 15 டிகிரிவரை குறைவு. அங்கே வைத்த துண்டுகளின் விளிம்பு சற்றுக் குறைவாகவே மழுங்குகிறது. கன்ட்ரோலர் காட்டும் எண்ணும் தனித் தெர்மோகப்பிளின் எண்ணும், அதைப் பொருத்திய நாள்முதல் 5 டிகிரிக்கு மேல் விலகவில்லை. சுருள்களைச் சுவரில் பதித்த விதம் நேர்த்தியாக இருக்கிறது, ஒன்றுகூடத் தளரவில்லை. சூடுபட்ட காந்தல் கம்பி எளிதில் முறியும் என்பதால் துடைக்கும்போது அவற்றைத் தொடுவதில்லை.

உட்சுவரின் ஃபைபரைப் பற்றி விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, வெப்பந்தாங்கும் செராமிக் ஃபைபரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஆபத்து அதன் தூசியை மூச்சில் இழுப்பதில் இருக்கிறது. ஆகவே உள்ளே துடைப்பம் போடுவதில்லை, ஊதுவதில்லை. என்95 முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். உட்சுவர் முழுவதும் ஃபைபரை இறுக்கும் கூழ்மச் சிலிக்காக் கரைசலை ஒருமுறை பூசினேன். அதன்பிறகு கண்ணாடிமேல் வெண்தூசி விழுவது நின்றது. கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் பூசும் அலுமினாக் கலவையைச் சுரண்டும்போதும் இதே கவசம், இதே ஈரம். அடியில் விரிக்கும் ஃபைபர்க் காகிதத்தின் பசை எரியும்போது வரும் புகைக்காக, தறிக்கூடத்தின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒன்றில் வெளித்தள்ளும் விசிறியை மாட்டியிருக்கிறோம்.

கையுறை வாங்கப்போனால் இரும்புச் சாமான் கடையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கையுறையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து, வெப்பம் தாங்கும் கெவ்லார் நூலில் நெய்த, முழங்கை வரை நீளும் கையுறையை வாங்கினேன். பருத்தி உடை மட்டுமே அணிகிறேன். முந்தானையும் துப்பட்டாவும் அந்த அறைக்குள் வருவதில்லை. உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் மூன்றாம் எண் பச்சைக்கண்ணாடி போதும். சிவந்து ஒளிரும் சூளை உமிழும் அகச்சிவப்புக் கதிர் கண்வில்லைக்கு நல்லதன்று. வாசலில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் ஒன்று தொங்குகிறது.

ஏற்காட்டில் வசிக்கும் என் சித்தி மகளும் என்னைப் பார்த்து இதே சூளையை வாங்கினாள். அவளுக்கு என் தொல்லைகள் வரவில்லை, வேறொன்று வந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் இடத்தில், ஃபைபர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரமான உட்சுவர் வழியே மின்சாரம் சூளையின் வெளியுடலுக்குக் கசிய, ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்ட நொடியில் விழுந்தது. வேலை பார்க்க வந்தவர் ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக அவள் என்னைக் கேட்டாள். அது விழுந்ததே நம்மைக் காக்கத்தான் என்று சொல்லி, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளறையில் ஓரிரவு எரியவிடச் சொன்னேன். காலையில் சூளை ஏற்றுக்கொண்டது. அதன்பின் 120 டிகிரியில் கதவைச் சற்றே திறந்தபடி உலர்த்தினாள். கதவைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும் என்பதால், கதவுச் சுவிட்ச் பொருத்தும்போது உலர்த்துவதற்கென்று ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் பத்து நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் இப்போதும் பல்பு வைத்த பிறகே தொடங்குகிறாள்.

செலவுக் கணக்கைப் பார்த்தால், எர்த் குழிக்கு 6,500, வயரிங்குக்கு 7,000, கான்டாக்டரும் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியும் கூலியோடு 5,800, தாங்கியும் கல்லும் 4,500, தீயணைப்பானுக்கு 2,000. மொத்தம் 25,800 ரூபாய். சூளை விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். இதில் எர்த்தும் வயரிங்கும் என் வீட்டுக் குறை. அதை விற்றவர்மேல் ஏற்ற மாட்டேன். கான்டாக்டரும் கதவுச் சுவிட்சும் பெரிய தகடும் சூளையோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டியவை. இன்னும் ஆறாயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன்; அடுத்த சூளைகளில் கதவுச் சுவிட்ச் வைப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மற்றவை பற்றிப் பதில் இல்லை.

தனி அறையும், எர்த்தைச் சோதித்துத் தரும் ஒரு நம்பகமான மின்பணியாளரும் உள்ளவர்களுக்கு இந்தச் சூளையைப் பரிந்துரைக்கிறேன். அடுக்ககத்தின் சமையலறை மூலையிலோ, எரிவாயு சிலிண்டர் இருக்கும் இடத்திலோ, குழந்தைகள் உறங்கும் அறையை ஒட்டியோ வைக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். பழைய வண்ணக்கண்ணாடிகளில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம் என்பதாலும் உணவு சமைக்கும் இடம் இதற்கு ஆகாது.

இந்த மாதம் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபைபர்ப் பட்டை கீழ்மூலையில் பிரியத் தொடங்கியிருக்கிறது. உள்ளே 800 இருக்கும்போது அந்த மூலையில் செந்நிறக் கீற்று வெளியே தெரிகிறது. மாற்றுப் பட்டை 900 ரூபாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைப் பொருத்தி, கதவோரக் கறுப்புத் திட்டில் மறுபடி அளந்து பார்க்கும்வரை, 700-க்கு மேல் போகாத வளைப்பு வேலைகளை மட்டும் செய்துகொண்டிருக்கிறேன்.